பதினோரு கைகள்

இன்னும் நான்கு வினாடிதான் பாக்கி. எங்கள் ஊர்ப் பள்ளி அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது.

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை உதைத்து மைதானக் கோடியில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் மூன்று புள்ளி. பக்கத்து ஊர்க்காரர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் மைதானத்தின் மூலையில், எல்லைக் கோட்டுக்கு வெளியே, ஈரப் புல்லில் மண்டியிட்டிருந்தேன். கையில் என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். விஸ்கான்சின் நவம்பர் குளிரில் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை.

ஊர்ப் பத்திரிகைக்கு வேண்டியது உதைக்கிறவன் படம். எனக்கு வேண்டியது டெரிக் நோவாக்கின் முகம்.

டெரிக் பந்தை நிறுத்திக் கொடுக்கிறவன். தன்னிடம் வீசப்படும் பந்தை மண்டியிட்டு வாங்கி, தரையில் நிறுத்தி, ஒரு விரலால் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் ஓடி வந்து உதைப்பான். பேரும் புகழும் உதைத்தவனுக்கு. நான்கு வருடமாக நான் எடுத்த படங்களில் ஒரு கால், ஒரு பந்து, ஓரத்தில் டெரிக்கின் கை. அவ்வளவுதான்.

அவன் அம்மா ரீட்டா அத்தனையையும் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார். மொத்தம் பதினோரு கைகள்.

இன்றைக்கும் ஆட்டத்துக்கு முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார். தலையில் தானே பின்னிய மஞ்சள் கம்பளித் தொப்பி, அதன் உச்சியில் எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு குஞ்சம். கையில் எனக்காக சாசேஜ் வைத்த பன்.

"ஏன்யா லைல், எம்புள்ளைக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கிறது உன் கேமராவுக்குத் தெரியாதா? இன்னிக்குதான் கடைசி ஆட்டம். அப்புறம் அவன் பல் டாக்டருக்குப் படிக்கப் போயிருவான். யார் பல்லையாவது பிடுங்கறப்பவா வந்து எடுப்பே?"

அந்தப் பன்னையும் தின்றுவிட்டு முடியாது என்று எப்படிச் சொல்வது?

துணிந்துவிட்டேன். உதைக்கிற படம் இல்லையென்றால் பத்திரிகை ஆசிரியர் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். பண்ணட்டும். டெரிக்கின் தலைக்கவசக் கம்பிகளுக்கு நடுவே தெரிந்த மூக்குக்கு லென்ஸைத் திருப்பினேன்.

பந்து வந்தது. அவன் கையில் வழுக்கி உருண்டது.

உதைக்க ஓடி வந்தவன் வெறும் காற்றை உதைத்து மல்லாக்க விழுந்தான். அரங்கமே "ஐயோ" என்றது.

டெரிக் பந்தை வாரி எடுத்தான். எழுந்தான். ஓடினான்! நான்கு வருடத்தில் அந்தப் பயல் ஓடி நான் பார்த்ததே இல்லை. நேராக என் மூலைக்குத்தான் வந்தான்; பந்தோடு அங்கிருந்த கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி.

எங்கள் தொழிலில் முதல் பாடம், ஆட்டக்காரன் உன்னை நோக்கி வந்தால் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ஓடு. லென்ஸ் வழியாகப் பார்த்தால் தூரம் தெரியாது. இருபத்தாறு வருட அனுபவசாலியான நான் அதை மறந்துவிட்டு, "வா ராசா, தலையைத் தூக்கு, இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினான். அடுத்து நான் பார்த்தது வானத்தை.

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தியதை டெரிக்கின் அக்குளுக்கு அடியிலிருந்துதான் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம்!

"லைல்! உயிரோட இருக்கீங்களா?"

இருந்தேன். கேமராவும் பிழைத்திருந்தது. பின்பக்கத் திரையில் படங்களைத் தள்ளிப் பார்த்தேன். அவன் கிட்டே வரவர அந்த நீள லென்ஸ் அவனை விட்டுவிட்டு, பின்னாலிருந்த கூட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெரிக் வெறும் மங்கலான நீலம். கடைசிப் படத்தில் மட்டும் அவன் தோளுக்கு மேலே, கூட்டத்தின் நடுவில், ஒரே ஒரு ஆள் பளிச்சென்று விழுந்திருந்தது.

"மன்னிச்சிருப்பா. உன் மூஞ்சி விழல."

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு டெரிக் திரையைப் பார்த்தான். கூட்டாளிகள் கூச்சலிட்டுக்கொண்டே வந்து அவன் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டினார்கள். அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.

"இது எனக்கு வேணும்" என்றான். "பெருசா. படிக்கப் போற இடத்துல சுவத்துல மாட்டணும்."

அதற்குள் ரீட்டா வேலியைத் தாண்டி மூச்சிரைக்க வந்துவிட்டார். "எங்க, காட்டு காட்டு" என்று கேமராவைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியைத் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எம்புள்ள எங்கய்யா? யாரு இந்தப் பொம்பளை, பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி வாயைப் பொளந்துகிட்டு, கண்ணெல்லாம் தண்ணியா?"

டெரிக் ஒரு விரலால் திரையில் அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டுக் காட்டினான்.

ரீட்டாவின் கை மெல்ல மேலே போய், தொப்பியின் மஞ்சள் குஞ்சத்தைத் தொட்டுப் பார்த்தது.