ஒரு நாள் பிள்ளையின் வாழ்க்கைக் குறிப்பு

2023 ஆகஸ்ட் 9 அன்று பாளையங்கோட்டையில் டார்லினின் ஆண்குழந்தை, பிறந்த மறுநாளே இறந்தது. அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது சபை வழக்கம். அதை எழுதித் தரும் எஸ்றா வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

“ஒரு நாள் இருந்த பிள்ளைக்கு என்னத்தம்மா எழுத?”

“இருந்திருந்தா என்னவா ஆயிருப்பானோ, அத எழுதுங்க அண்ணாச்சி” என்றாள் டார்லின்.

எழுத எழுத வந்தது. ராதாபுரத்தில் கணக்கு வாத்தியார், முப்பது வருடப் பணி. தாளை யாருக்கும் காட்டாமல் சட்டைப்பையில் வைத்தார்.

ஆராதனை தொடங்கும் முன்பு, தலை நரைத்த ஒருவர் மாலையோடு வந்தார்.

“சார் வீடு இதானம்மா? ராதாபுரத்துலேருந்து வாரேன். எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தாவ.”

டார்லின் அவரையே பார்த்தாள். “பிள்ளைகள அடிப்பானா?”

“ஒரு நாளும் இல்லம்மா.”

சிறிய பெட்டியின்மேல் மாலையை வைத்துவிட்டு, அவர் மூன்று மணி பஸ்ஸில் ஊர் திரும்பினார்.