சுவரை விட்ட ஷீட்

ஷவருக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கணவன் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். வெற்றுச் சத்தம் வந்தது.



“இது எப்படிக் கழண்டுச்சு?”

அவன் குரலை உயர்த்துகிறவனே இல்லை. அதுதான் அவளுக்குப் பயம்.

“தண்ணி இறங்கியிருக்கும்,” என்றாள்.

ரிப்பேர்காரர் பையை இறக்கிவைத்துவிட்டு ஷீட்டை அமுக்கிப் பார்த்தார். மேல்பக்கம் கல்லு மாதிரி ஒட்டியிருந்தது. கீழ்மூலை மட்டும் தனியாக ஆடியது, யாரோ கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதுபோல.

நெம்பியது அவள்தான்.

அந்த வீட்டில் அவன் கை படாத அலமாரி இல்லை. மாவு டப்பாவைக்கூடத் துழாவிப் பார்ப்பான். பாத்ரூம் தாழ்ப்பாளைக் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கழற்றிவிட்டான். அக்கா கடைசியாக வந்தபோது அவள் கைக்குள் திணித்துவிட்டுப் போன சின்ன போனை ஒளித்துவைக்க, ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துதான் அகப்பட்டது. எடுத்து எடுத்து வைத்ததில் ஷீட் சுவரை விட்டுவிட்டது.

காலையில் அக்காவிடம் பேசிய பிறகு போனை அணைத்தோமா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

“முழுசாக் கழட்டுங்க. உள்ள என்னன்னு நானும் பாக்கணும்,” என்று கணவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

ரிப்பேர்காரர் ஷீட்டைக் கொஞ்சம் விலக்கி உள்ளே டார்ச் அடித்தார்.

அவர் கை அப்படியே நின்றது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரிப்பேர்காரர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஸ்க்ரூ ஓட்டைகள்.

சொல்லிவிடுவார். சொல்லாமல் எப்படி இருப்பார்? அவரை வரச்சொன்னது அவன்தானே.

“உள்ள ஒரே ஈரம் சார்,” என்றார் அவர், ஷீட்டைத் திரும்பவும் சுவரோடு அழுத்திக்கொண்டு. “தண்ணிய மொத்தமா நிறுத்தினாத்தான் கழட்ட முடியும். மாடில டேங்க் பக்கத்துல மெயின் வால்வு இருக்கும். இறுக்கி மூடிட்டு வந்துடுங்க.”

“நீங்களே போய் மூடுங்க.”

“கைய எடுத்தா ஷீட் உடைஞ்சிடும் சார்.”

கணவன் அவளைப் பார்த்தான். அவளைத் தனியாக மாடிக்கு அனுப்புகிற பழக்கம் அவனுக்கு இல்லை. முணுமுணுத்துக்கொண்டே படியேறினான்.

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ரிப்பேர்காரர் சந்துக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த போனை எடுத்து நீட்டினார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த வேலைக்கு வால்வை மூட வேண்டியதே இல்லம்மா,” என்றார் அவர் மெதுவாக. “சீக்கிரம் வாங்கிக்கங்க.”