இரண்டு மில்லிமீட்டர்

"தம்பி, நீங்க பக்கத்துல நிக்கிறவரைக்கும் சாது மாதிரி வேலை செய்யுது. நீங்க படியிறங்கினதும் தன் புத்தியைக் காட்டிடுது!" ரத்தப் பரிசோதனைக்கூடத் தலைவி மெக்கானிக்கிடம் போனில் பொரிந்து தள்ளினாள்.

ரத்தத்தை உறிஞ்சிச் சொட்டுச் சொட்டாக விடும் புதிய பிப்பெட் இயந்திரம், அதைச் சோதனைத் தட்டின் குழிக்குள் விடாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெளியே சொட்டிக்கொண்டிருந்தது.

"நாப்பது பேரோட ரத்தம் வீணாப் போச்சு. மறுபடி ஊசி குத்தணும்னு கூப்பிட்டா, அவங்க என்னைக் குத்திடுவாங்க!"

மெக்கானிக் மூன்றாவது முறையாக வந்தான். வழக்கம்போலக் கனமான டூல் பெட்டியை, இயந்திரம் இருந்த மேஜையின் மூலையில் தொப்பென்று வைத்தான். இயந்திரத்தின் கையை ஒவ்வொரு குழிக்கும் நேராக நிறுத்திச் சரிசெய்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"இனிமே தகராறு பண்ணினா, நான் இந்த வேலையையே விட்டுடறேன் மேடம்!" வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று நாள் கழித்து அவனே போன் செய்தான்.

"மெஷின் எப்படியிருக்கு மேடம்?"

"தங்கமா வேலை செய்யுது. உங்க கைராசியே ராசி!"

"சந்தோஷம் மேடம். அப்புறம்... லீவு முடிஞ்சு வந்து பார்த்தா என் டூல் பெட்டியைக் காணோம். அங்க இருக்கா?"

பெட்டி மேஜை மூலையிலேயே இருந்தது. தலைவி அதைத் தூக்கினாள். மேஜை 'டக்'கென்று மறுபக்கம் சாய்ந்தது. அடுத்த சொட்டு குழிக்கு வெளியே விழுந்தது.

பதறிப்போய்ப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். அதற்கடுத்த சொட்டு குழியின் நட்டநடுவே விழுந்தது.

"இங்க இல்லையே தம்பி" என்றாள். "வேற எங்கயாவது நல்லாத் தேடிப் பாருங்க."