பூட்டிய கம்பைலர்

“கம்பைலர் ஃபைலுகளப் படிக்கலாம் அம்மணி. எழுதத்தான் முடியாது,” என்றார் வெங்கடபதி, ஏழாவது தடவையாக.

லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடியலூரில் ஒரு மோட்டார் கம்பெனி, வருடம் தொண்ணூற்றாறு. அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். புது டெஸ்டிங் மெஷின் வெள்ளிக்கிழமைக்குள் ஓடினால்தான் வேலை நிரந்தரம். இன்று செவ்வாய்.

மெஷின் ஓட, புரோகிராம்களைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் கம்பைலரோடு வந்த லைப்ரரி என்னும் ஆயத்தத் தொகுப்பை அதற்குத் தோதாக மறுபடி கட்ட வேண்டும். கட்டியதைக் கம்பைலர் டைரக்டரியில் வைக்கப் போனால், ‘அனுமதி இல்லை’ என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கிறது. பூட்டிவைத்திருப்பவர் சிஸ்டம் இன்சார்ஜ் வெங்கடபதி.

“உங்க டைரக்டரியில கட்டுங்க. கம்பைலர் எங்க இருக்குதுன்னு மட்டும் கான்ஃபிகர் பண்றப்ப சொல்லிப்போடுங்க.”

“அதுக்கு ரெண்டு நாள் சேத்தி ஆகுமுங்க சார். தொறந்து உட்டா அரை மணி நேர வேலை.”

“பூட்டு பூட்டுத்தானுங்க.”

வைக்கோற்போர் நாயேதான் இந்த மனுஷன். அவள் நேராக முதலாளியிடம் போய்விட்டாள்.

முதலாளி தனபாலுக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். உடனே எழுந்து வந்தார்.

“ஏனுங்க வெங்கடபதி, புள்ள கேக்குதில்லீங்களா? தொறந்து உடுங்க.”

வெங்கடபதியின் முகம் சுண்டிப்போனது. நன்றாக வேண்டும் என்றிருந்தது லோகப்பிரியாவுக்கு.

தனபால் நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“எனக்கும் அதுல ஒரு வேலை பாக்கி கெடக்குது கண்ணு. மூணு வருசத்துக்கு முந்தி, கம்பைலர்ல வேண்டாத ஃபைலா அடைஞ்சு கெடந்துச்சுன்னு ஒரு ஞாயித்துக்கெழம வந்து கொஞ்சம் அழிச்சு உட்டேன். அடுத்த நாளே இவரு என்னத்தையோ கெடுத்துப்போட்டாரு. இருவது நாள் ஒரு புரோகிராமும் ஓடல. எல்லாரு முன்னாடியும் ஏசிப்போட்டேன். மனுசன் ‘தப்பு எம்மேலதானுங்க’ன்னு ஒத்துக்கிட்டாரு. அப்பறந்தான் இந்தப் பூட்டு. தொறக்கட்டும், மிச்சத்தையும் இன்னிக்கே சுத்தம் பண்ணிப்போடலாம்.”

லோகப்பிரியா வெங்கடபதியைப் பார்த்தாள். அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பூட்டு இருக்கட்டுங்க முதலாளி. சார் சொன்னபடி என் டைரக்டரியிலயே கட்டிக்கறேன்,” என்றாள். “சரியாப் புரிஞ்சுக்காம உங்ககிட்ட வந்து சொல்லிப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க.”