வளைவுக்குள் இருவர்

கணவன் குவிமாடத்தைத்தான் படம் எடுக்கிறான் என்று அவள் முதலில் நினைத்தாள்.

போன் கீழே சாய்ந்திருந்தது.

கல்யாணமாகி இரண்டு மாதம். டெல்லி பார்க்க வந்திருந்தார்கள். காலையில் கோட்டை. இப்போது இந்தத் தோட்டம், நடுவில் யாரோ ஒரு சுல்தானின் கல்லறை. புல்வெளியெங்கும் குளிர்கால வெயில். பின்பக்கம் போன ராஜவேலைக் காணோமே என்று தேடி வந்திருந்தாள்.

அவன் தூணுக்குப் பின்னால் ஒண்டி நின்றுகொண்டிருந்தான்.

எதிரே, கல் வளைவின் நிழலில், ஒரு பெண்ணும் ஒரு பையனும். கல்லூரிப் பிள்ளைகள் போலிருந்தது. பெண் அவன் தோளில் முகம் புதைத்திருந்தாள். முதுகு குலுங்கியது.

அழுகிறாள்.

ராஜவேலின் விரல்கள் திரையில் அகன்றன. துப்பட்டா விலகிய கழுத்து பெரிதாயிற்று. இன்னும் பெரிதாயிற்று.

அவன் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

அந்த நாக்கை அவளுக்குத் தெரியும்.

காலையில் தின்ற பூரியின் எண்ணெய் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். மறுபடி வந்தது.

வேண்டாம் என்றாள். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊரில் பசங்களுக்கு அனுப்ப வேண்டும், டெல்லி லட்சணத்தை அவர்களும் பார்க்கட்டும் என்றான்.

அந்தப் பசங்கள் கல்யாணப் பந்தியில் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்கள்.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள் என்றாள்.

"அழுதா என்ன? பொது எடத்துல வந்து உக்காந்தா நாலு பேரு பாக்கத்தான் செய்வான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான், அவளும் பார்க்கட்டும் என்று. உள்ளங்கை சுடச்சுட, ஈரமாக இருந்தது.

கையை உருவிக்கொண்டாள். புடவையில் துடைத்தாள். ஈரம் போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

பிறகு வளைவை நோக்கி நடந்தாள்.

அவர்களுக்கு முதுகு காட்டி, போனுக்கு நேராக நின்றாள். தோளில் கிடந்த சால்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

தள்ளு என்று ராஜவேல் கையசைத்தான்.

அவள் தள்ளவில்லை.

பின்னால் சலசலப்பு. அந்தப் பெண் எழுந்துவிட்டாள். சால்வைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். போனைக் கண்டதும் துப்பட்டாவால் முகத்தை இழுத்து மூடிக்கொண்டாள். பையன் கல்லைத் தேடுகிறவன்போலத் தரையைப் பார்த்தான். பெண் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஆள் யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று பெண் இந்தியில் கேட்டாள்.

அவ்வளவு இந்தி அவளுக்குப் புரியும்.

இல்லை என்று தலையசைத்தாள்.

மூவரும் படியிறங்கினார்கள். புல்வெளியைத் தாண்டினால் வாசல்.

ராஜவேல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவும் கூப்பிட்டான், சத்தமாக.

பெண் திரும்பிப் பார்த்தாள். பையனும் பார்த்தான்.

அவள் பார்க்கவில்லை.