நாற்பத்தோராவது வாக்கு

இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. ஒன்றரை மணிக்கு நீதவான் புண்ணியமூர்த்தி, பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் மலரக்கா சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள், கழுவாத பானைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

நீதவான் என்றால் பிரெஞ்சு அரசாங்கம் வைத்த நீதவான் இல்லை. லா சப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் இணக்க சபையின் தலைவர். கடைக்காரர்களுக்குள் பிணக்கு, முதலாளிக்கும் வேலையாளுக்கும் பிணக்கு, எது வந்தாலும் பொலிசுக்குப் போகாமல் அவர் முன்னால் வந்து உட்காருவார்கள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். மூன்று முறையும் வென்றவர் அவர். ஒன்பது வருடமாக அந்தப் பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இந்தமுறை கைபேசிக் கடைப் பிரசாந்தன் எதிர்த்து நிற்கிறான். எந்த முறைப்பாட்டையும் ஒரு மாதத்தில் முடித்துக் காட்டுவேன் என்று கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறான்.

விடிந்ததில் இருந்து புண்ணியமூர்த்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். மொத்தம் நாற்பத்தொரு கடை. யார் யாருக்குப் போடுவார் என்பது லா சப்பலில் ஊரறிந்த இரகசியம். தன் கடையையும் சேர்த்துத் தனக்கு இருபது, பிரசாந்தனுக்கு இருபது. எத்தனை தரம் எண்ணினாலும் அதேதான் வந்தது.

சமமாக வந்தால் புதியவருக்கே பதவி என்று விதி. எழுதியவர் அவரேதான். எழுதிய காலத்தில் அவர் புதியவராக இருந்தார்.

மிச்சம் உள்ள ஒரு வாக்கு இந்தக் கடை முதலாளி இராசமலருடையது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நீதவானுக்குப் போடுவார். ஆனால் போட முடியாது. விசாரணையில் இருப்பவர்கள் வாக்களிக்கக் கூடாது. அதுவும் புண்ணியமூர்த்தி எழுதிய விதிதான். அன்று கடைக்காரர்கள் எல்லாரும் கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

இராசமலர்மேல் முறைப்பாடு கொடுத்தவள், இதே குசினியில் இடியப்பம் பிழியும் சுகிர்தம்.

வன்னியில் இருந்து வந்தவள், விசா இல்லாதவள். அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. என்னிடம் இவள் வேலை செய்தாள் என்று முதலாளி ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். அதை விசா கொடுக்கும் பிரெபெக்தூர் அலுவலகத்தில் காட்டினால்தான் விசாவுக்கு வழி பிறக்கும். விசா இல்லாத ஆளை வைத்திருந்ததற்குத் தண்டம் விழுமே என்று இராசமலர் கையை விரித்துவிட்டார். நீதவானும் மூன்று அமர்வுகளாக வழக்கைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். இராசமலரின் விசுவாசம் அங்கேதான் விளைந்தது.

நீதவானைக் கண்டதும் சுகிர்தம் மாக் கையைக் கழுவிக்கொண்டு, சீனி போடாத பிளேன்ரீ ஒன்றை ஊற்றி நீட்டினாள். தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்டார். முறைப்பாட்டை இந்த நிமிடமே மீளப் பெறவேண்டும். பெற்றுக்கொண்டால் மலர் இன்றிரவே கடிதம் தருவாள், தொலைபேசியில் சத்தியம் வாங்கியாகிவிட்டது, வழக்கு என்ற சொல்லுக்குத்தான் அவள் பயப்படுகிறாள். அவள் மாட்டேன் என்றால் மலர் வாக்குப் போட முடியாது, அவர் தோற்றுப்போவது உறுதி. தோற்றால் இந்தத் தெருவில் தலை காட்ட முடியாது. அறுபத்தாறு வயது மனிதர், தன் பிள்ளை வயதுள்ள ஒருத்தியை, பிளேன்ரீக் கோப்பையோடேயே கையெடுத்துக் கும்பிட்டும் விட்டார்.

நிலவறைக் குசினி அது. மேலே சின்னக் கண்ணாடி வழியாக, ஞாயிற்றுக்கிழமைச் சனத்தின் கால்கள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. சுகிர்தம் கொஞ்ச நேரம் அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு அவர் எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை வாங்கி, முதலில் இருந்து கடைசிவரை வாசித்து, கையெழுத்துப் போட்டாள்.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. அழுதுவிடுவார் போலிருந்தது. தாளை வாங்கக் கையை நீட்டினார்.

அவள் கொடுத்தாள். கோபம் எதுவும் இல்லாமல்தான் பேசினாள்.

"ஐயா, மூண்டு வருசம் வேலை செய்ததைக் காட்டோணும் எண்டு வக்கீல் சொல்லுறா. நாளைக்குக் காலமை ஒம்பது மணிக்குப் பிரெபெக்தூரிலை ரொந்தேவூ குடுத்திருக்கினம். மலரக்காவிட்டை நான் நிண்டது ரெண்டு வருசமும் ஒரு மாசமும்தான்."

புண்ணியமூர்த்தி பிளேன்ரீயைக் கீழே வைத்தார்.

"அதுக்கு முந்தி உங்கடை கடையிலை நிண்ட பதினொரு மாசத்துக்கும் எழுதித் தாங்கோ. நீதவானுக்கு மேலை ஆரும் முறைப்பாடு குடுக்கேலாதாம். இண்டைக்கும் நீங்கள் வெண்டால், நான் ஆரிட்டைப் போறது?"

சாப்பாட்டு ஓடர் எழுதும் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, மா படாத இடம் பார்த்து மேசையில் வைத்தாள். பேனையை அதன்மேல் வைத்தாள்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று நாற்பத்திரண்டு. மண்டபம் ரூ பிலிப்-து-ஜிராரில், நடந்தால் பத்து நிமிடம். பதினொரு மாதத்தை எழுத ஐந்து நிமிடம் காணும்.

கையில் இருந்த தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நேரம் போய்விட்டது பிள்ளை என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.