இறங்காத கேட்

"போறான் பாரு, ஓசியில போறான்!" என்று தெயோலிந்தா மண்ணை வாரித் தூற்றினாள். சுங்கச்சாவடியின் தானியங்கி கேட், மூன்று நாளாகத் தூக்கிய கையை இறக்கவே இல்லை. பரான்கியா நகரத்துக்குப் போகிற லாரிகளும் பஸ்களும் நிற்காமல் பறந்தன. டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கும்மாளம் போட்டார்கள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. கேட் இறங்கினால்தான் வண்டி நிற்கும். நின்றால்தான் ஜன்னல் ஜன்னலாக ஓடித் தேங்காய் மிட்டாய் விற்க முடியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த அரை நிமிஷ நிறுத்தத்தால்தான். மூன்று நாளாகத் தலையில் ஏறிய தட்டு அதே கனத்தோடு வீடு திரும்புகிறது.

பத்து மணிக்குச் சுங்கக் கம்பெனி லாரியிலிருந்து மெக்கானிக் உபால்தோ இறங்கினான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாடா ராசா! இத்தனை நாளா எங்கே தொலைஞ்சு போனே?"

"மேலிடத்துல சொன்னாத்தானே அத்தை வர முடியும்?" என்று சொல்லிவிட்டு அவன் கேட்டின் பெட்டியைத் திறந்தான். தெயோலிந்தா பின்னாலேயே போய் நின்றுகொண்டாள். அந்த கேட்டுக்கு வருகிற சீக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"முதல்ல அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பாரு. தூசி படிஞ்சா, எதிர்ல ஏதோ வண்டி நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இறங்க மாட்டேங்கும். நானும் மூணு நாளா பாவாடையால துடைச்சிட்டேன், அசையல."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அத்தை."

"அப்போ ரோட்டுக்குள்ள பதிச்ச வயரு. போன மழையில அது அறுந்தப்பவும் இதே கதைதான்."

அவன் மீட்டரை வைத்துப் பார்த்தான். "வயரும் நல்லாருக்கு."

"ஸ்பிரிங்கு?"

"இருக்கு."

"போர்டுல எறும்பு கூடு கட்டியிருக்கும், நல்லாப் பாரு!"

"ஒரு எறும்புகூட இல்ல."

"எல்லாம் நல்லாருந்தா அப்புறம் ஏன்டா இறங்கல? பேய் புடிச்சிருக்கா?"

நிழலில் உட்கார்ந்திருந்த தண்ணீர்ப் பாக்கெட் விற்கும் ரெம்பெர்த்தோ சிரித்தான். "பேசாம கம்பெனியில உன்னையே வேலைக்கு வச்சிருக்கலாம்."

"வச்சிருந்தா இதை இப்படிக் கிடக்க விட்டிருப்பேனா? கொள்ளைக்காரனைப் புடிக்கிறதுக்கோ என்னவோ, போன வாரம் ரோட்டுக்கு மேல வளைவு கட்டி வரிசையா கேமரா மாட்டினானுங்க. அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. கேட்டைப் பார்க்கத்தான் நாதியில்ல!"

 அவள் நீட்டிய மிட்டாயை உபால்தோ வேண்டாமென்று விட்டான். பெட்டிக்குள் கையை விட்டு எதையோ திருகினான்.

கேட் மெதுவாக இறங்கியது.

"அடி ஆத்தி!" என்று கூவிக்கொண்டு தெயோலிந்தா ஓடினாள். ஒரு பஸ், இரண்டு லாரி, அதன் பின்னே கார்கள் என்று மளமளவென்று வரிசை கட்டின. டிரைவர்கள் திட்டினார்கள், அவள் காதில் ஒன்றும் விழவில்லை. முழங்கால் வலியும் மறந்துபோனது. பஸ்ஸின் கடைசி ஜன்னலுக்குப் போவதற்குள் பாதித் தட்டு காலி.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, உபால்தோ போல்ட்டுகளைக் கழற்றி அந்த நீளக் கையைத் தோளில் சுமந்துகொண்டிருந்தான். வரிசையில் நின்ற வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின. அவன் லாரியை நோக்கி நடந்தான்.

"பழசைக் கழட்டிட்டியா? அதுவும் சரிதான், எத்தனை வருஷத்துக்குத்தான் உழைக்கும்!" அவள் முகமெல்லாம் பல். "ஏய் ரெம்பெர்த்தோ, நமக்குப் புதுக் கேட்டு வருதுடா! நாளைக்கு ரெண்டு கூடை தேங்காய் சேர்த்துச் சொல்லணும். எப்போ ராசா மாட்டுவே, சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடுமா?"

அவன் சுமையை லாரியில் கிடத்தினான். கையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"நான் ரிப்பேருக்கு வரல அத்தை. மூணு நாளா அந்த கேமராவே வண்டி நம்பரைப் படிச்சுக் காசு எடுத்துக்குது, இனிமே இங்க வண்டியே நிக்காது."